பச்சை கேட்டில் கூப்பிட்ட பெயர்

இரவு ஒன்றரை மணி. ஆற்றை ஒட்டிப் போகும் ரோடு. ஒரு பக்கம் கறுப்பாகத் தண்ணீர், இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கும் குடோன்கள். விளக்குக் கம்பங்களுக்குக் குறைச்சல் இல்லை. ஒன்றிலாவது பல்பு எரிய வேண்டுமே... இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வண்டி. பின்பக்கம் ஜன்னல் கிடையாது.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். மெழுகுவர்த்தி நடுவிலேயே இருக்கட்டும்.

வண்டியை ஓட்டியவர் என்னோடு வேலை பார்க்கும் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் பிண வண்டி டிரைவர். செத்தவர்களை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. எதற்கெடுத்தாலும் வாய்க்குள்ளேயே புலம்பிக்கொண்டிருப்பதால் கூட இருப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் முணுமுணுப்பு. பயந்த ஆள் இல்லை. அந்த வேலையில் பயம் முதல் வாரத்தோடு போய்விடும். எரிச்சல்தான் போகாது.

அன்றைக்கு அவருக்கு எரிச்சல் உச்சந்தலையில் ஏறி நின்றது. ஷிப்ட் முடிந்து கிளம்ப வேண்டிய மனுஷர். வீட்டில் ஐந்து வயசுப் பையனுக்குக் காய்ச்சல். மருந்து வாங்கி டேஷ்போர்டில் வைத்திருந்தார். கிளம்பும் நேரத்தில் வார்டு ஆள் வந்து நின்றான்.

"அண்ணே, ஒரே ஒரு டிரிப்பு. பெரியவர். சொந்தக்காரங்க வீட்டை ஒழுங்கு பண்ண முன்னாடியே போயிட்டாங்க. பக்கத்துலதான்."

"உன் 'பக்கத்துல' என்னன்னு எனக்குத் தெரியும்டா. எங்க?"

வார்டு ஆள் தெருவின் பெயரைச் சொன்னான். பச்சை கேட், வாசலில் ஒரு செடி, வேறு அடையாளம் தெரியாது என்றான். முணுமுணுப்பு தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஏன் என்றால், அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் அந்தப் பெயர்தான். அந்தப் பெயரில் ஒரு மெயின் தெரு, ஒரு குறுக்குத் தெரு, பழைய தெரு, புதுத் தெரு. ஆற்றுப் பாலத்துக்கு அதே பெயர். பள்ளிக்கூடத்துக்கு அதே பெயர். பஸ் ஸ்டாப்பில் மூக்கு உடைந்த சிலை ஒன்று நிற்கும், அதற்கும் அதே பெயர். யார் அந்த மனுஷன் என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்கு அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். வண்டிக்குள் படுத்திருந்த பெரியவருக்கும் அதே பெயர்தான்.

முணுமுணுப்பின் பையனுக்கும்.

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் வெச்ச பேரு நம்ம பிள்ளைக்கும் எதுக்குங்க?" என்று அவர் மனைவி அப்போதே மல்லுக்கட்டினார். இவர் கேட்கவில்லை. "கூட்டத்துல கூப்பிட்டா நாலு பேர் திரும்பணும்டி. அப்பதான் பிள்ளை தனியா இருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டார்.

பெயர் என்னவென்று கேட்காதீர்கள். கதை முடிந்த பிறகு நீங்களே கேட்க மாட்டீர்கள்.

பிண வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசலில் நின்று செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மணியை அடி, தள்ளி நில், ஆள் வந்தால் "வண்டி வந்திருக்கு" என்று மட்டும் சொல். தெருப் பெயரைக் கேட்கலாம், பாலத்தின் பெயரைக் கேட்கலாம், அது தப்பில்லை. வெறும் பெயரை மட்டும் வாயில் எடுக்காதே. ஏன் என்று கேட்டால் மூத்த டிரைவர்கள் முறைப்பார்கள். "சொல்லாதேன்னா சொல்லாதே." அவ்வளவுதான் விளக்கம்.

முதலில் மெயின் தெரு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊர்ந்து பார்த்தார். நீல கேட், துருப்பிடித்த கேட், கேட்டே இல்லாத வீடு. பச்சை மட்டும் இல்லை. சொந்தக்காரர்கள் கொடுத்த போன் நம்பரை அழுத்தினார். அணைத்து வைத்திருந்தார்கள். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே.

தெருமுனையில் ஒரு வாட்ச்மேன் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"எது? மெயினா, குறுக்கா, பழசா, புதுசா?"

"பச்சை கேட் இருக்குற தெரு."

"எல்லாத் தெருவுலயும் ஒரு பச்சை கேட் இருக்கும். இந்தத் தெருவைத் தவிர."

கொட்டாவி விட்டுக்கொண்டே பழைய தெருப் பக்கம் கையைக் காட்டினார். 'நல்லா வாயில வருது' என்று முணுமுணுத்தபடி வண்டியை எடுத்தார் நம் ஆள். பின்னால் குளிர் பெட்டியின் மோட்டார் சீராக உறுமிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் மருந்துப் பாட்டில் டேஷ்போர்டில் முட்டிக்கொண்டது. டிங்... டிங்...

பழைய தெருவில் பச்சை கேட் இருந்தது. செடியும் இருந்தது. உள்ளே ஒரு நாய், தெருவே எழுந்துகொள்கிற மாதிரி குரைத்தது. வண்டியின் விளக்கு பட்டதும் வாயை மூடிக்கொண்டு படியின் அடியில் போய்ப் படுத்துவிட்டது. மணியை அடித்தார். லுங்கியைக் கட்டிக்கொண்டே ஒரு கிழவர் வந்தார்.

"ஐயா... வண்டி வந்திருக்கு."

கிழவர் வண்டியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். உள்ளே யார் என்று கேட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை. கிழவரே டிரைவர் பக்கக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர் கண்ணில் பட்டது.

"யோவ், அது என் பேருய்யா! எனக்கா வண்டி கொண்டாந்த? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், தெரியலையா உனக்கு? நேரங்காலம் இல்ல விளையாட?"

மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. வண்டியைத் திருப்பும்போது மனைவியிடமிருந்து போன்.

"எங்க இருக்கீங்க? உடம்பு நெருப்பா கொதிக்குது. ஈரத்துணி போட்டுக்கிட்டே இருக்கேன். உங்களைத்தான் கேக்குறான். மருந்து எங்க?"

"என் கையிலதான் இருக்கு. இதோ வந்துட்டேன்."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க."

வீட்டுக்கே போய் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று யோசித்தார். பின்னால் பிணத்தை வைத்துக்கொண்டு காய்ச்சல்காரப் பிள்ளை இருக்கிற வாசலில் போய் வண்டியை நிறுத்துவதா? மனசு வரவில்லை. இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இறக்குவதற்கு இடம் தெரியவில்லை. அழுகை வந்தது என்று பின்னாளில் அவரே சொன்னாராம். பயத்தில் இல்லை... ஆத்திரத்தில்.

குறுக்குத் தெருவில் இருந்தது பாதி கட்டிய வீடு. கேட் மட்டும் பச்சை. உள்ளே மணல் குவியலைத் தவிர யாருமில்லை. மிச்சம் இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுத் தெரு ஒன்றுதான்.

அதற்காகத்தான் அந்த ஆற்று ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

பாலத்தைத் தாண்டினார். புதுத் தெரு. ஒரே மாதிரி வீடுகள், எதிலும் விளக்கு இல்லை. ஈர சிமென்ட் வாடை. கடைசி வீட்டில் பச்சை கேட். பக்கத்தில் ஒரு செடி. அப்பாடா என்று இறங்கினார்.

மணியை அழுத்தினார். வேலை செய்யவில்லை. கேட்டைத் தட்டினார். காத்திருந்தார். கம்பியைப் பிடித்து உலுக்கினார். ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. போன் மறுபடி அடித்தது. மனைவி. எடுத்து என்ன சொல்வது? எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

அங்கேதான் அவருக்குள் ஏதோ அறுந்துபோனது.

கேட்டைக் காலால் ஓங்கி உதைத்தார். அப்புறம் அந்தப் பெயரை... பின்னால் தெரு இல்லாமல், பாலம் இல்லாமல், வெறும் பெயரை... தொண்டை கிழியக் கத்திவிட்டார்.

"வாடா வெளியில! வண்டி எவ்வளவு நேரம்டா நிக்கும்?"

குளிர் பெட்டியின் மோட்டார் நின்றது.

அது நின்ற பிறகுதான் அந்தத் தெரு எவ்வளவு அமைதி என்று அவருக்குத் தெரிந்தது. தன் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு, முதுகுக்குப் பின்னால், வண்டிக்குள்ளிருந்து... "ம்."

தூக்கத்தில் கூப்பிட்டால் சொல்வோமே, அந்த மாதிரி ஒரு ம்.

எதிரில் இருண்டு கிடந்த வீட்டிலிருந்து... "ம்." பக்கத்து வீட்டில் ஒரு பெண் குரல். "ம்." அதற்கடுத்த வீடு. தெருமுனை. பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக. ஆற்றைத் தாண்டி, பழைய தெருப் பக்கம், கரகரவென்று ஒரு கிழட்டுக் குரல். யாரும் யாரையும் முந்தவில்லை. ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். அவர் கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில், வெகு தூரத்தில், மெல்லிசாக ஒரு குரல்.

"இதோ வர்றேன்ப்பா..."

அது யார் குரல் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எப்படி ஓட்டினார் என்று தெரியாது. பிணம், கட்டுப்பாடு, ஒன்றும் நினைவில் இல்லை. வீட்டு வாசலில் வண்டியை ஏற்றி நிறுத்தி, மருந்தும் கையுமாக உள்ளே ஓடினார். பையன் பாயில் படுத்திருந்தான். மூச்சு இருந்தது. நெற்றியில் கை வைத்தார். காய்ச்சல் சுத்தமாக இல்லை. ஐஸ் மாதிரி இருந்தது நெற்றி.

மனைவி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் முன்னாடி திடீர்னு எந்திரிச்சு உட்கார்ந்தான்ங்க. 'இதோ வர்றேன்ப்பா'ன்னான். அப்பா வண்டிய வெச்சுக்கிட்டு நிக்குறாருன்னு செருப்பத் தேடினான். கதவு வரைக்கும் போயிட்டான். அங்க கொஞ்ச நேரம் எட்டிப் பாத்துக்கிட்டே நின்னான்..."

"அப்புறம்?"

"'வரிசை ரொம்பப் பெருசா இருக்கும்மா'ன்னு சொல்லிட்டு, திரும்பி வந்து படுத்துட்டான்."

காலையில் சொந்தக்காரர்களே போன் செய்து சண்டைக்கு வந்தார்கள். பெரியவரின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. அந்தச் சந்துக்கும் அதே பெயராம். அது ஒருவருக்கும் தெரியாது. கரண்ட் போய், போனும் அணைந்து, விடிய விடிய வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். முணுமுணுப்பு போய்ப் பெரியவரை இறக்கிவிட்டு வந்தார்.

அந்த மாசமே பழைய தெருக் கிழவருக்கு வண்டி போனது. அதே பச்சை கேட். ஓட்டியது நம் ஆள்தான். அடுத்து பாலத்துக்கிட்டே கடை வைத்திருந்தவர். அடுத்து ஒரு வாத்தியார். கிழவருக்கும் முன்னாலேயே புதுத் தெருவில் ஒரு பெண், அவளுக்கும் அதே பெயர்தான். "இந்தப் பேருக்கு இது சீசன் போல" என்று கூட இருந்த டிரைவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். அப்புறம் அந்தக் கிண்டலை நிறுத்திவிட்டார்கள்.

பையனுக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டான், விளையாடினான், பள்ளிக்கூடம் போனான். ஒன்றே ஒன்றுதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டான். தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பான். கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்று காட்டுவான். வெகுநேரம் கழித்துத்தான் "ம்" என்பான்.

"காது கேக்கலையாடா?"

"கேக்குதும்மா. எனக்கு முன்னாடி நிக்கிறவங்க சொல்லி முடிக்கட்டும்."

முணுமுணுப்பு என்னென்னமோ செய்து பார்த்தார். வேறு பெயர் வைத்தார். அதற்குப் பையன் திரும்பவே இல்லை, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டான். வீட்டில் பெயர் சொல்வதையே நிறுத்தினார்கள். கையைத் தட்டினார்கள், தோளைத் தொட்டார்கள். டிரைவர் வேலையை விட்டார். பெயரை வைத்த தன் வாயிலேயே அடித்துக்கொண்டார், நிஜமாகவே, என் நண்பனின் கண்ணெதிரில். ஊரை விட்டே போய்விடலாம் என்று கிளம்பினார்கள். போன இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட போர்டிலும் அதே பெயர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம் மனுஷர். திரும்பி வந்துவிட்டார்கள்.

வீட்டில் கூப்பிடாமல் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பெயர் வாசிக்க மாட்டார்களா? டீச்சரிடம் போய் எவ்வளவோ கெஞ்சினார். அந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். மற்றபடி பையனைப் பற்றி டீச்சருக்கு ஒரே ஒரு புகார்தான். கூப்பிட்டால் பதில் சொல்ல நேரமாக்குகிறான். அவனுக்காக வகுப்பே காத்திருக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் அந்த டீச்சர் வழியில் முணுமுணுப்பின் மனைவியைப் பார்த்து நிறுத்தினாராம். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க பையன் இப்ப எவ்வளவோ தேவலைங்க. நேத்து பேரைச் சொல்லி முடிக்கக்கூட இல்ல... எந்திரிச்சு நின்னுட்டான்."