மூன்றாம் மாடி ஆய்வகத்தின் சாவி

மேடையில் இருக்கும் முதல்வர் அய்யா அவர்களே, பேராசிரியர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் நோயாளிகளின் குடும்பத்தாரே, வணக்கம். நான் அப்துல் சலாம், மரபியல் துறையின் ஆய்வக உதவியாளர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்தத் தாள் நானே எழுதியது; நடுவில் தோன்றுவதையும் சேர்த்துச் சொல்வேன். பொறுமையாகக் கேளுங்கள்.

பேராசிரியர் முனைவர் இருதயமேரி அம்மா எதை ஆராய்ந்தார்? இதுவரை பேசிய ஆறு பேரும் மாபெரும் ஆராய்ச்சி என்றார்கள். என்ன ஆராய்ச்சி என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அம்மா சொன்னது இது.

"சலாம் பாய், உங்க ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் நூல் சுருட்டி வெச்சிருக்கு. தோல்லயும் அதே நூல்தான், ஈரல்லயும் அதே நூல்தான்."

"அப்ப ஈரல் ஏம்மா தோலா மாறல?"

"மடிப்பு வேற. பீரோவுல அடியில கிடக்கற சட்டையையா போடறீங்க? கைக்கு எட்டறதைத்தானே?"

"எங்க வீட்டுல எதுவுமே கைக்கு எட்டாதும்மா" என்றேன். அன்று முழுக்கச் சிரித்தார்.

ஸ்ரீரங்கம் வள்ளிக்கண்ணு அம்மா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் மகளின் நோய்க்குக் காரணம் நூலில் இல்லை, மடிப்பில்தான் என்று பதினோரு வருடம் தேடிக் கண்டுபிடித்தவர் எங்கள் அம்மா. அந்த மகள் இன்று இல்லை. அவள் தோலிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் திரவ நைட்ரஜன் கேனுக்குள் உறைந்து உயிரோடு இருக்கின்றன. அதே நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வழி அவற்றில்தான் தெரிய வேண்டும்.

அந்த ஆய்வகத்தை நாம் என்ன செய்தோம்? மரியாதை என்று பதினாறு நாளுக்குப் பூட்டினோம். பூட்டுக்கு மாலை போட்டோம். காய்ச்சலோடு வந்துகூட நைட்ரஜன் ஊற்றியவருக்கு இதுவா மரியாதை?

அம்மா இறந்த அன்று காலை கேனுக்குள் மரக்குச்சியை விட்டு நைட்ரஜனை அளந்தேன். பதின்மூன்று விரல் இருந்தது. நாளுக்கு ஒரு விரல் ஆவியாகும். இன்று பதினோராம் நாள். பதினாறாம் நாள் பூட்டைத் திறந்தால் கேன் காய்ந்து கிடக்கும். செல்கள் செத்திருக்கும்.

ஆபீசில் பாலமுரளி சாரிடம் சாவி கேட்டேன்.

"பதினாறு நாள் திறக்கக் கூடாதுன்னு முதல்வர் ஆர்டர் இருக்கு பாய். எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க."

நான் எழுதி முடிக்கும் வரை நைட்ரஜன் குறையாமல் காத்திருக்குமா? சரி என்று மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அருமையா எழுதியிருக்கீங்களே பாய். இரங்கல் கூட்டத்துல வாசிச்சிடுங்க" என்று பேச்சாளர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். சாவி வரவில்லை.

அம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். எப்படித் தொடர்வீர்கள், வராந்தாவில் நின்றா? என் உறுதி சின்னது. என் கையால் தூக்க முடிகிற வரை அந்தக் கேன் காயாது.

முதல்வர் அய்யா, நைட்ரஜன் வண்டியை நானே வரச்சொல்லிவிட்டேன். கீழே நிற்கிறது. மௌன அஞ்சலிக்கு எப்படியும் எல்லோரும் எழுந்து நிற்கப் போகிறோம். எழுந்தவர்கள் அப்படியே என்னோடு மாடிக்கு வாருங்கள்; பாலமுரளி சார், நீங்கள் சாவியோடு. லிஃப்ட் ஓடவில்லை, நைட்ரஜனைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.