ஈரலுக்குள்ள ஓடுன செக்கு

விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த மகளிர் குழு ஆண்டு விழாவுல ஒரு சின்னக் கதையை இறக்கி வச்சுட்டுப் போறேன். பின்னாடி சுவத்துல சாஞ்சு நிக்கிற வீட்டுக்காரங்க காதைப் பொத்தாதீங்க... உங்க கதைதான்!

எங்க தென்காசிப் பக்கம் பிரமநாயகம்னு ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். ரத்தத்தைச் சோதிச்சா... கொழுப்பு ஏறிக் கிடக்கு. வந்ததும் வராததுமா பொண்டாட்டியைக் கூப்பிட்டாரு. "ஏட்டி செண்பகவல்லி! இனிமே எனக்குச் சொட்டு எண்ணெய் ஆகாது!" அந்தம்மாவும் அப்படியே செஞ்சாங்க. தாளிப்பு இல்ல, வடை இல்ல, அப்பளத்தைக்கூடத் தணல்ல சுட்டுத்தான் வச்சாங்க.

எண்ணெய் இல்லாம இட்லிப் பொடி தொண்டைக்குள்ள இறங்குமா? இறங்காது! அதனால அய்யா இட்லிக்குச் சீனி தொட்டுக்கிட்டாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்து இட்லி! வெயிலுக்குக் கரும்புச் சாறு. பொழுது சாஞ்சா சர்பத்து. கேட்டா, "இதுல எங்கய்யா எண்ணெய் இருக்கு?"

சில மாசம் கழிச்சு மறுபடி சோதிச்சா... கொழுப்பு முன்னைவிட ஏறிடுச்சு!

யார் மேல பாஞ்சாரு? வேற யாரு! "ஏட்டி, எனக்குத் தெரியாம எண்ணெய் ஊத்துத!" அதோட விட்டாரா? மச்சானுக்குப் போனைப் போட்டு, "உங்க தங்கச்சி என்னைக் கொல்லப் பாக்கா." கடைசியில, "கோயிலுக்கு வா, சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு!"ன்னுட்டாரு.

அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஆக்கிப் போட்ட கை தாயி அது! வலிக்காதா? "அணைக்கேன். அணைச்ச கையோட எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், திரும்ப மாட்டேன். அதுக்கு முன்னால டாக்டரம்மாகிட்ட வாங்க."

"என்ன சாப்பிடுதீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இவரு நெஞ்சை நிமித்திக்கிட்டு இட்லி, சீனி, கரும்புச் சாறுன்னு ஒப்பிச்சாரு. அவங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியல. "அய்யா, தேவைக்கு மேல சீனியும் மாவும் உள்ள போனா, இன்சுலின்ங்கிற ஹார்மோன் 'மிச்சத்தைச் சேர்த்து வை'ன்னு உத்தரவு போடும். ஈரல் அந்தச் சீனியையே கொழுப்பா மாத்தி ரத்தத்துல அனுப்பிடும். உங்க வயித்துக்குள்ளேயே செக்கு ஓடுது!"

பிரமநாயகம் மெதுவா எந்திரிச்சாரு. "சரி... வீட்டுக்குப் போவோமா?"

அந்தம்மா நகரல. "எங்க அண்ணனுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டாரு. "மச்சான்... அது வந்து... கொழுப்பு உங்க தங்கச்சி வேலை இல்ல... என் ஈரல் செஞ்ச வேலை."

அந்தப் பக்கம் மச்சான் சும்மா விடுவாரா? "அப்படியா மாப்பிள்ளே? அந்த ஈரலையே ஒரு வாரம் சமைக்கச் சொல்லுங்க. தங்கச்சியை இங்க அனுப்பி வைங்க!"

அந்தம்மா போயிட்டாங்கம்மா! சந்தோஷமாப் போயிட்டாங்க!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? எண்ணெயை நிறுத்திட்டா மட்டும் போதுமா தாயி? சீனி, மாவு, எல்லாத்துக்கும் ஒரு அளவு வேணும். சில பேருக்குத் தைராய்டு குறைஞ்சாலும் கொழுப்பு ஏறும். அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும், அடுப்படியில வேவு பாக்கக் கூடாது. சுவத்துல சாஞ்சு நிக்கிற அண்ணாச்சிகளே... கொழுப்பு ஏறுனது உங்க ரத்தத்துல. சமைச்சவளை ஏன்யா கூண்டுல ஏத்துறீங்க?