பன்னெண்டாம் நம்பர்

கையெழுத்துதானே? போடலாம் மேடம், போடலாம். பேனா எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எலெக்ட்ரீஷியன் ரூமுன்னா இப்படித்தான் இருக்கும், உங்க ஹெட் ஆபீஸ் மாதிரி இருக்காது. வயர் துண்டெல்லாம் காலால தள்ளி விட்டுக்கோங்க, எதுலயும் கரண்ட் இல்ல.

குடுங்க, நானே படிச்சுக்கறேன். தொடுதிரை நல்ல நிலையில் இருந்தது. கேபிள் இணைப்புகள் நல்ல நிலையில் இருந்தன. விபத்துக்குக் காரணம் ஆபரேட்டரின் கவனக்குறைவு. கீழ சாட்சின்னு போட்டு என் பேரு. அடேங்கப்பா! பத்தே நாள்ல கதையை முடிச்சுட்டீங்களே. கவனக்குறைவாம்! யாருக்கு, அக்காவுக்கா? இந்த சோப்புக் கம்பெனியில இருபத்திரண்டு வருஷமா கொதிக்கிற தொட்டி பக்கத்துல நிக்கறவங்களுக்கா?

இல்ல மேடம், உங்க மேல கோவம் இல்ல. சரி, கோவம்தான். உங்க மேலயும் கொஞ்சம் கோவம்தான். நேத்து வந்தீங்க, பெரிய மேனேஜர் ரூம்ல ஏசியில உக்காந்து டீ குடிச்சீங்க, அவர் சொன்னதை எழுதிட்டு வந்துட்டீங்க. தொட்டிப் பக்கம் ஒரு எட்டு வந்து பார்த்தீங்களா? அக்கா வீட்டுக்குப் போனீங்களா? இல்லல்ல. அப்புறம் என்ன விசாரணை?

மெஷின் விஷயம் உங்களுக்குப் புரியாதா? நான் புரிய வைக்கறேன், இருங்க. ராக்கெட் விடற வேலை ஒண்ணும் இல்ல இது. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்துலயே ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். சிவப்பை அமுக்கினா டக்குன்னு சத்தம், தொட்டியை நிரப்பற பம்பு கண்ணு முன்னாடியே நிக்கும். போன வருஷம் மேனேஜருக்கு ஆசை வந்துடுச்சு. மூணு தொட்டிக்கும் சேர்த்து மேல மேடையில ஒரே ஒரு தொடுதிரை. பட்டனையெல்லாம் பிடுங்கி எறிங்கன்னாரு. சிவப்பை மட்டுமாவது விட்டு வைங்க சார்னு கெஞ்சினேன். கலக்கற மோட்டாருக்கு விட்டாரு, பம்புக்கு வேணாம்னுட்டாரு. பார்க்க அசிங்கமா இருக்காம்! அழகு பார்க்கறதுக்கு அது என்ன கல்யாண மண்டபமா?

இப்ப நல்லா கேட்டுக்கோங்க. அந்தத் திரைக்கும் பம்புக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்துலயும் ஒரு இரும்புப் பெட்டி இருக்கு, அதுக்குள்ள கன்ட்ரோலர். பம்பை ஓட்டறது, நிறுத்தறது எல்லாம் அதுதான். மேல நீங்க திரையில கையை வெச்சா, நெட்வொர்க் கேபிள் வழியா கன்ட்ரோலருக்கு ஒரு சேதி போகும், நிறுத்துன்னு. அது நிறுத்திட்டு, நின்னுடுச்சுன்னு திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலைத்தான் நீங்க திரையில பாக்கறீங்க. தொட்டியைப் பாக்கல. சேதி யாருக்குப் போகணும்? அதுக்குத்தான் ஆளுக்கு ஒரு நம்பர், வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி. ரெண்டாம் தொட்டிக்கு நம்பர் பன்னெண்டு.

ஆமா, திரையில அழுத்தினதுக்கெல்லாம் பதிவு இருக்கு. அதைத்தானே எல்லாரும் வேதவாக்கு மாதிரி பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க. காட்டுங்க அந்தத் தாளை. பத்தரை மணிக்கு அக்கா ரெண்டாம் தொட்டிப் பம்பை ஓட விட்டிருக்காங்க. சரியா? பதினோரு மணிக்கு மேடையில ஒரு நிமிஷம் கரண்ட் போய் வந்துச்சு, திரை மட்டும் அணைஞ்சு எரிஞ்சுது. எரிஞ்சதும் என்ன காட்டுது? ரெண்டாம் தொட்டிப் பம்பு நிறுத்தம். இப்ப சொல்லுங்க மேடம், நிறுத்தினது யாரு? பத்தரைக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல யாராவது நிறுத்தச் சொல்லி அழுத்தின மாதிரி ஒரு வரி இருக்கா? இல்ல. யாரும் நிறுத்தாம பம்பு எப்படி நிக்கும்? தானா மனசு வந்து நின்னுக்குச்சா?

இதை ஒரு ஆளு கேட்டிருக்கணுமா இல்லையா? படிச்சவங்க ஆறு பேரு இந்தத் தாளைப் பார்த்திருக்காங்க. ஒருத்தருக்கும் தோணல.

பம்பு நிக்கவே இல்ல மேடம். கீழ அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. திரை நிறுத்தம்னு காட்டுது, ஆனா சத்தம் காதுல விழுதே அக்காவுக்கு! அதனாலதான் நிறுத்தறதுக்கு அழுத்தினாங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. பதிவுலயே இருக்கு பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுக்கு மேனேஜர் என்ன சொல்றாரு? அந்தம்மா முன்னாடியே கவனிக்காம தொட்டியை முட்ட நிரப்பிடுச்சு, நின்ன பம்பை எதுக்கு மூணு தடவை நிறுத்தணும், திரையை வெச்சு விளையாடியிருக்குன்னு சொல்றாரு. விளையாட்டாம்! தொட்டியில தண்ணி விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. வேற யாரா இருந்தாலும் கத்திக்கிட்டு வாசல் பக்கம் ஓடியிருப்பாங்க. அக்கா படியில இறங்கி தொட்டியைப் பார்த்து ஓடினாங்க, கையால வால்வை மூடறதுக்கு. மூடியும் விட்டாங்க. அதுக்குள்ள வழிஞ்சது ஷூவுக்குள்ள போயிடுச்சு. வெறும் தண்ணி இல்ல மேடம், கொதிக்கிற காரத் தண்ணி. ஷூவைக் கழட்டினது நான்தான். சாக்ஸோட சேர்ந்து என்னென்ன வந்துச்சுன்னு நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.

அவங்க மட்டும் மூடலைன்னா பேக்கிங்ல இருந்த எட்டு பேரும் அந்தத் தண்ணியிலதான் நின்னிருப்பாங்க. அதைப் பத்தி உங்க தாள்ல ஒரு வரி காணோமே?

காரணமா? சொல்றேன். ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருக்குன்னு வைங்க. தபால்காரர் என்ன பண்ணுவாரு? எந்த வீட்டுல முதல்ல கதவைத் திறக்கறாங்களோ அங்க குடுத்துட்டுப் போவாரு. அதேதான் இங்கயும். அந்த நெட்வொர்க்ல பன்னெண்டுன்னு ரெண்டு பேர் இருந்தாங்க. முதல்ல திரை சரியான ஆள்கூடத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. அணைஞ்சு எரிஞ்சதும் மறுபடி பன்னெண்டு எங்கன்னு தேடுச்சு. இந்தத் தடவை இன்னொருத்தன் முந்திக்கிட்டான். அவன் சும்மா நின்னுக்கிட்டு இருந்தான், அதனால நிறுத்தம்னு சொன்னான். அக்கா அழுத்தின மூணு தடவையும் அவனுக்குத்தான் போச்சு. நான் நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்னு அவனும் மூணு தடவை சொன்னான்.

எந்த இன்னொருத்தனா? சொல்றேன், அவசரப்படாதீங்க.

நாலாவது தொட்டி. செவுத்தோரமா புதுசா நிக்குதே, அது. இன்னும் வேலைக்கு வரல, சோதனையில இருக்கு. அதுக்குன்னு தனியா ஒரு சின்னத் திரை இருக்கு. அதோட விட்டிருக்கலாம். மேனேஜருக்கு அதையும் தன் ரூம் கம்ப்யூட்டர்ல பார்க்கணுமாம், அதே நெட்வொர்க்ல சேர்க்கணுமாம். திரை போட்ட கம்பெனியைக் கூப்பிடுங்க சார்னு சொன்னேன். எதுக்கு, நம்ம ஆளு பண்ணுவான்னுட்டாரு. சரி, எந்தப் பெட்டிக்கு என்ன நம்பர்னு லிஸ்டாவது வாங்கிக் குடுங்கன்னேன். மூணு தடவை எழுதிக் கேட்டேன். லிஸ்ட் அந்தக் கம்பெனிகிட்ட இருக்கு, வரும் வரும்னாரு. இன்னிக்கு வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கு. லிஸ்ட் இல்லாம கேபிளைப் போடுன்னா, கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைக் கடன்னு சொல்ற மாதிரிதானே?

ஆமா, தெரியும், அந்தக் கம்பெனிக்காரர் வந்து சோதிச்சாரு. விபத்துக்கு மறுநாள் காலையில வந்து, ரெண்டாம் தொட்டியை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, இருபது தடவை பார்த்தாரு. திரையை அணைச்சு அணைச்சும் பார்த்தாரு. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அதை வெச்சுத்தானே அக்கா தலையில கட்டறீங்க.

போன ஞாயித்துக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டு காலையும் தலகாணி மேல தூக்கி வெச்சுப் படுத்திருக்காங்க. மகள்தான் எல்லாம் பண்றா. அக்கான்னா எப்படிப்பட்ட ஆளு தெரியுமா? மேனேஜரையே எதிர்த்துப் பேசறவங்க. திரையை டிவின்னுதான் சொல்வாங்க, உன் டிவி இன்னிக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு, வந்து பாருடான்னு கூப்பிடுவாங்க. அந்த அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறாங்க, தம்பி, பம்பு நிஜமாவே ஓடுச்சா, இல்ல சத்தம் கேட்டதா நானா நினைச்சுக்கறேனான்னு. எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லி அவங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சு மேடம். இருபத்திரண்டு வருஷம் பார்த்த வேலை மேல, சொந்தக் காது மேல சந்தேகம். ஓடுச்சுக்கா, எனக்குத் தெரியும்னு மட்டும் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. தண்ணி கொண்டு வர்றேன்னு எழுந்து போயிட்டேன்.

என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை கேளுங்க. நாலாம் தொட்டிக்கு நம்பர் குடுத்தது யாரு?

அப்பாடா. இதைக் கேக்கறதுக்கு உங்களுக்குப் பத்து நாளாச்சு. அக்காகிட்ட நாப்பது கேள்வி கேட்டாங்க, என்கிட்ட ஒண்ணு கேக்கல. கேட்டாச் சொல்லிடலாம்னு இருந்தேன். கேக்கலைன்னதும் நானும் வாயை மூடிக்கிட்டேன், இப்படியே போயிடும்னு. அதைத்தான் தாங்க முடியல எனக்கு.

நான்தான் குடுத்தேன். லிஸ்ட் இல்லைன்னா நாங்க பண்றது ஒண்ணுதான். ஒவ்வொரு நம்பரா லேப்டாப்ல கூப்பிட்டுப் பார்ப்போம். பதில் வந்தா ஆள் இருக்கு, வரலைன்னா காலி வீடு. பதினொண்ணு பதில் சொல்லுச்சு, பதிமூணு சொல்லுச்சு. பன்னெண்டு சொல்லல. காலின்னு எடுத்துக்கிட்டேன். ஏன் சொல்லலைன்னா, அன்னிக்கு ரெண்டாம் தொட்டியைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. கழுவறப்போ பெட்டிக்குக் கரண்டை நிறுத்தி, தண்ணி படாம பிளாஸ்டிக் சுத்திக் கட்டணும். நிறுத்தினதும் நான்தான், கட்டினதும் நான்தான். ஒரு மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள மறந்துட்டேன். அந்தப் பெட்டிக் கதவைத் திறந்திருந்தா உள்பக்கமே பன்னெண்டுன்னு ஒட்டியிருக்கும்.

அது தப்பு. தப்பு யாருக்கும் வரும், அதுக்குக்கூட நான் இவ்வளவு எரிச்சல்பட மாட்டேன். கம்பெனிக்காரர் சோதிச்சப்போ எல்லாம் சரியா இருந்துச்சுல்ல? ஏன் இருக்காது? அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுட்டு நேரா நாலாம் தொட்டிக்கு வந்து, நம்பரை பதினாலுன்னு மாத்தினேன். எல்லாரும் தண்ணியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தரும் கவனிக்கல. ரெண்டே நிமிஷம்தான் ஆச்சு.

அந்தத் தாளைக் குடுங்க, பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, அதுல எழுதித் தர்றேன். நம்பிக்கை இல்லைன்னா வாங்க, போய்ப் பார்க்கலாம். எந்தப் பெட்டிக்கு நம்பர் குடுத்தாலும் அதை வெள்ளை டேப்புல எழுதிக் கதவுல ஒட்டறது என் வழக்கம். நாலாம் தொட்டியில பதினாலுன்னு ஒட்டியிருக்கும். அதை நகத்தால மெதுவா உரிச்சுப் பாருங்க. கீழ பழைய டேப் அப்படியே இருக்கு. அதைக் கிழிக்க மட்டும் எனக்குக் கை வரல.