டியூப் அசன் மைதீன் கொடுத்த சாம்பிள்

வெள்ளிக்கல் ஓடைத் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது. இல்லை என்று போர்டு வைத்தவன் நான். அந்த போர்டை நம்பிக் குளித்த பதினோரு பிள்ளைகள் வாந்தி பேதியில் படுத்தார்கள். நடந்தது இவ்வளவுதான். இனி முறைப்படி ஆரம்பிக்கிறேன்.

தலைமை ஏற்றிருக்கும், தமிழும் தழும்பும் ஒருசேரத் தந்து எங்களை வளர்த்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எலியேசர் சார் அவர்களே! கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கெடுத்துக் காட்டும் கல்லூரிப் பேராசிரியை ஞானசௌந்தரி டீச்சர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து என் முகத்தை மட்டும் பார்க்காமலிருக்கும் பெரியவர்களே! பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்த கையோடு, எனக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஸலாம், வணக்கம், ஸ்தோத்திரம். அவரவர்க்கு உரியதை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடை என்றால் என்ன? கோடையில் குளிர் தரும் கொடை! ஆடையை அவிழ்த்தவனெல்லாம் அரசனாகும் அவை! அலுவலகத்தில் அதட்டுகிற அதிகாரியும் அங்கே வந்தால் அரைத்துண்டோடு நிற்பார். அந்த ஓடைக்கரையில், ஒட்டுப்போட்ட ஒரே ஒரு லாரி டியூபை வாடகைக்கு விட்டுப் பிழைக்க வந்தவன் நான். இன்று நாற்பது டியூப். தச்சநல்லூரில் ரப்பர், குழாய் சாமான் கடை. ஊர் எனக்கு வைத்த பெயர் ‘டியூப்’ அசன் மைதீன். அதில் எனக்கு வருத்தமில்லை. காற்று இருக்கிறவரை மிதக்கிறேன்.

சித்திரை மாதம் டீச்சர் கடைக்கு வந்தார். கையில் ஒரு சின்ன போத்தல். நீராவியில் சுத்தம் செய்து, வாயில் காகிதம் சுற்றிக் கட்டியது.

“அண்ணாச்சி, ஓடைத் தண்ணிய டெஸ்ட் பண்ணணும். நான் பேப்பர் திருத்த மதுரைக்குப் போறேன். நீங்க ஒரு சாம்பிள் எடுத்து வைங்க. என் மாணவி வந்து வாங்கிக்கிடுவா.”

அன்பர்களே, ஒரு வியாபாரியிடம் போய் சாம்பிள் கேட்டால் அவன் எதைக் கொடுப்பான்? அரிசிக்கடையில் சாம்பிள் கேட்டால் கல் பொறுக்கிய அரிசி வரும். ஜவுளிக்கடையில் கேட்டால் சாயம் போகாத துண்டு வரும். முப்பது வருட வியாபாரத்தில் சாம்பிள் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: இருப்பதிலேயே நல்லது!

எனவே நல்லதைத் தேடினேன். முதலில் போத்தலைத் திறந்து பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை கழுவினேன். வெயிலில் காயவைத்தேன். வெள்ளைத் துணியால் துடைத்தேன்.

என் மனைவி ஷம்ஸியா பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, போத்தலைப் பொண்ணு பாக்க வாராங்களா? இம்புட்டு அலங்காரம் பண்ணுதீங்க?”

மறுநாள் விடியற்காலை, வீடுகள் எதுவும் இல்லாத மேட்டுக்கு நடந்தேன். பாறையிலிருந்து தண்ணீர் விழுகிற இடம். அங்கே ஆள் நிற்க முடியாது, ஆடு நிற்கலாம். அந்தத் தண்ணீரையும் துண்டில் வடிகட்டிப் பிடித்தேன். டீச்சரின் மாணவி வந்து வாங்கிப் போனாள். முடிவு வந்தது: நூறு மில்லியில் கிருமி எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே. படித்துறையில் பத்தடிக்கு போர்டு வைத்தேன். ‘பரிசோதிக்கப்பட்ட ஓடை. பாக்டீரியா இல்லை. டியூப் இங்கே.’

கூட்டமா கூட்டம்! பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். நாற்பது டியூபும் தண்ணீரில்.

பத்தாம் நாள் ஆட்டோ ரசீத் கடை வாசலில் வந்து நின்றான். அவன் மகள் ஹனீன், ஏழு வயது, ஆஸ்பத்திரியில் நான்கு நாளாக டிரிப்ஸில் கிடந்தாள்.

“ஒம்ம போர்டைப் படிச்சிட்டுத்தாம்வே பிள்ளைய எறக்குனேன். நான்கூடப் படிக்கல, அவதான் எழுத்துக்கூட்டிப் படிச்சா. பாக்-டீ-ரி-யா இல்லைன்னு. ‘இல்லையாம்ப்பா, வா’ன்னு கையப் புடிச்சி இழுத்தா.”

சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பதினோரு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்தேன். எந்த வீட்டிலும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

டீச்சர் மதுரையிலிருந்து வந்ததும் விசாரணை நடந்தது.

“சாம்பிள் எங்கன எடுத்தீங்க?”

“மேல, பாறையில.”

“அங்கன யாரும் குளிக்காங்களா?”

“ஆடு குளிச்சா உண்டு.”

“பாட்டிலை எதுவும் பண்ணலையே?”

“நல்லாக் கழுவுனேன். பிளீச்சிங் பவுடர் போட்டு.”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். “இருந்த ஒண்ணு ரெண்டு கிருமியையும் அந்தப் பவுடரே கொன்னிருக்கும். நான் கேட்டது ஓடைத் தண்ணிய, அண்ணாச்சி. நீங்க குடுத்தது ஒங்க கடை ஷோகேஸை. தப்பு எம்மேலயும்தான். வியாபாரிகிட்டப் போயி சாம்பிள்னு சொல்லியிருக்கப்படாது.”

அந்த ஞாயிறு மாலை மூன்று மணி. நான் தடுத்தும் கேளாமல் அறுபது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். போர்டு அத்தனை நன்றாக வேலை செய்திருந்தது. பிள்ளைகள் துள்ளுகிற இடத்திலேயே டீச்சர் இறங்கி, போத்தலின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, முழங்கை ஆழத்தில் அள்ளினார். ஐஸ் பெட்டியில் வைத்து ரசீத்தின் ஆட்டோவிலேயே கொண்டுபோனார்.

குளிக்கிற தண்ணீரில் நூறு மில்லிக்குக் கிருமி ஐந்நூறுக்குள் இருந்தால் நல்லது. இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் குளிக்கவே கூடாது. நம் ஓடையில் எவ்வளவு தெரியுமா?

பதினேழாயிரம்!

யார் அங்கே கைதட்டுவது? இது தட்டுகிற இடமில்லை தம்பி, பைய உட்காரு.

பாறையில் இரண்டுகூட இல்லை, படித்துறையில் பதினேழாயிரம். நடுவில் என்ன நடந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? வழிப்போக்கன் வந்து போட்டானா? டீச்சரும் நானும் ரசீத்தும் கரையோரமாக நடந்தோம். புதருக்குள் கக்கூஸ் குழாய்கள், மொத்தம் ஒன்பது. ஒன்பதும் நீலம். நீலக் குழாய் இந்த வட்டாரத்தில் ஒரே கடையில்தான் கிடைக்கும். ஒன்பதும் நான் விற்றவை. ஓடையை நோக்கி வளைத்துவிடுவதற்கு ஆளுக்கொரு வளைவுக் குழாய், அதாவது ‘பெண்டு’, இலவசமாகவும் கொடுத்திருந்தேன்.

என்ன அங்கே? ‘ஒம்ம வீட்டுக் குழாய் எது?’ என்றா? மூன்றாவது. எலியேசர் சார் வீட்டுக் குழாய் எது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அவர் தலைவர்.

“ஏழாவதுவே!” என்று பின்னால் சொல்வது யாரென்று எனக்குத் தெரியாது சார்.

ஐந்தாவது குழாய்க்கு முன்னால் ரசீத் நின்றுவிட்டான். அது அவன் வீட்டுக் குழாய். அவன் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். “எம் பிள்ளைக்கு நானே குடுத்திருக்கேன் அண்ணாச்சி” என்றான்.

ஆகவே கேட்கிறேன். நம் வீட்டிலிருந்து போனது நம்மை விட்டுப் போய்விட்டதா? படித்துறையில் நம் பிள்ளை வாயில் நுழைகிறது! ஆற்றில் கலந்து அடுத்த ஊர் செல்கிறது! ஓடி ஓடிப் புன்னக்காயலில் கடல் சேர்கிறது! அங்கே வலை வீசுகிறவருக்கு நம் விலாசம் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த மேடையில் இன்னும் இரண்டு நாற்காலி போட வேண்டியிருக்கும். கிருமியைக் கண்ணால் பார்க்க முடியாது, சரி. குழாயைப் பார்க்க முடியாதா? குழாயை மறைக்கப் புதர் வளர்த்தோமே, அந்தப் புதருக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? ஒன்பது வீடு மனம் வைத்தால் ஓடை ஓடையாகும்! மனம் வைக்காவிட்டால் அது ஒன்பது வீட்டுக்குப் பொதுவான கக்கூஸ். அதில் டியூப் விட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி. பதினோரு பிள்ளைகளிடமும் மன்னிப்பு. எல்லோருக்கும் மறுபடியும் ஸலாம், வணக்கம், ஸ்தோத்திரம்.

இறங்குமுன், ஒன்பது வீட்டாரும் மதியம் பேசி முடித்ததைச் சொல்லிவிடுகிறேன். முப்பது நாளில் ஒன்பது குழாயும் அடைக்கப்படும். செப்டிக் தொட்டிக்கான சாமான் என் கொள்முதல் விலைக்கே தரப்படும். ஞாயிறுதோறும் மூன்று மணிக்குச் சாம்பிள். இடத்தை ரசீத் காட்டுவான், டீச்சர் எடுப்பார், நான் போத்தலைத் தொடக் கூடாது. வருகிற எண், எதுவானாலும், அதே போர்டில் எழுதப்படும். தொடர்ந்து நான்கு வாரம் ஐந்நூறுக்குள் வந்தால்தான் ஒரு டியூப் தண்ணீரில் இறங்கும். முதல் டியூப் ஹனீனுக்கு. இலவசம் என்றேன். “ஒம்மகிட்ட இலவசமா பெண்டு வாங்குனதே போதும்வே” என்றான் ரசீத். அரை மணிக்கு இருபது ரூபாய் என்று முடிந்தது.