பாதம் தொட்டு நாடி பார்த்த அமிர்தவல்லி அம்மையாருக்கு

செஞ்சிக் கோட்டைப் படிகளினும் செங்குத்தான பிடிவாதமும், சிரித்துக்கொண்டே ஊசி குத்தும் செம்மனமும் கொண்ட செவிலியர் திலகமே, சத்துணவுக் கூடம் முதல் சந்தை மேடு வரை சலியாது நடந்த சகோதரியே, அமிர்தவல்லி அம்மையீர், வணக்கம்.

இன்றோடு நிறைவுறும் முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் கடைசிப் பதினோரு ஆண்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் எங்கள் குழுவுக்குத் தந்தீர்கள். அனந்தபுரம் முதல் அவலூர்பேட்டை வரை, எந்தப் பிள்ளையையும் கையில் நாடி பார்த்ததோடு தாங்கள் விட்டதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து, புறங்காலிலும் விரல் வைத்துப் பார்த்த பிறகே வகுப்புக்கு அனுப்பினீர்கள்.

பெரியவர்களும் தப்பவில்லை. தங்களுக்குப் பயந்தே ஓட்டுநர் பாண்டுரங்கன் தினமும் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஜீப் ஏறினார். சீயமங்கலம் பொன்னுசாமி ஐயாவோ, தாங்கள் பாதத்தைத் தொட்டதும் தங்கள் தலையில் கைவைத்து, "புள்ள குட்டியோட நல்லாயிரு தாயி" என்றார். அப்போது தங்களுக்கு வயது ஐம்பத்தெட்டு. எண்ணி முடிக்கும்வரை தாங்களும் நிமிரவில்லை, அவரும் ஆசியை நிறுத்தவில்லை.

சிரித்த எங்கள் வாயை அடைத்தவள் பதினாறு வயது ஜினிஷா. கையில் ரத்த அழுத்தம் எகிறியது. காலில் நாடியே இல்லை. "இருக்கும் சிஸ்டர், சரியா பாருங்க" என்ற எங்களைத் தாங்கள் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. சென்னை மருத்துவர்கள் தங்கள் விரல் சொன்னதையே சொன்னார்கள். இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருங்குழாய் பிறவியிலேயே குறுகியிருக்கிறது, விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, உறை போட்ட ஸ்டென்ட் வைத்து விரித்துவிடலாம், குழாய் கிழிந்தாலும் அந்த உறை ரத்தத்தை வெளியே விடாது என்றார்கள்.

அவள் தந்தை, வேர்க்கடலை மண்டி சுமதிநாதன், முடியாது என்றுவிட்டார். தங்களைக் கண்டதும் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தார். தாங்களோ தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பத்து நாள் உட்கார்ந்தீர்கள். பதினோராம் நாள், மூட்டைக்குப் பின்னாலிருந்தே குரல் வந்தது.

"பொண்ணு நெஞ்சக் கீறிட்டா நாளைக்கு எவன் சிஸ்டர் கட்டிக்குவான்?"

"நெஞ்சத் தொடவே மாட்டாங்க. தொடைல ஒரு ஊசி ஓட்ட, அது வழியா ஏத்துவாங்க. போர்ல மண்ணு சரியாம கேசிங் பைப்பு இறக்கறீங்கல்ல, அதுமாதிரி."

"எத்தினி அடி?"

"ரெண்டு விரக்கட."

சுமதிநாதன் எழுந்து வெளியே வந்தார். "நானூறு அடி போர் மூணு இறக்கினவன் நானு. இன்னா சிஸ்டர், இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

சிகிச்சை முடிந்து வந்தவளின் பாதத்தில் தாங்கள் விரல் வைத்தபோது நாடி துள்ளியது. அழுகிற பிள்ளைகளை அதட்டும் தாங்கள், அன்று அவள் பாதத்தை விடாமல் பிடித்தபடி அழுதீர்கள். நாங்களும் அழுதோம். சுமதிநாதன் மட்டும், "எத்தினி வருசம் கேரண்டி?" என்று கேட்டுவிட்டுப் பிறகு அழுதார்.

அந்த ஜினிஷா இப்போது முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். இம்மடலை மேடையில் வாசித்து முடித்ததும் அவள் முன்னும் நாங்கள் பின்னுமாகத் தங்கள் காலடியில் குனியப்போகிறோம். ஆசி வாங்கவா, நாடி பார்க்கவா என்று கேட்காதீர்கள், இரண்டுக்கும்தான். அந்த நாடி நூறாண்டு தளராமல் துடிக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்வீர்களே, அதேபோல ஆடாமல் நில்லுங்கள்.

தங்களிடம் பலமுறை கால் நீட்டிய,
பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவினர்,
செஞ்சி.