பல்லில் கடித்த ஈயம்

— கம்பைக் கீழ போடுங்க! பிள்ள மேல இன்னொரு அடி விழுந்துச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்.

— ஏளா ஈவாஞ்சலின், உன் மவ மூணாங்கிளாஸ் படிக்கா. ‘மழை வந்தது’ன்னு எழுதச் சொன்னா பாதியில கை நிக்குது. வாயத் தொறந்தா ஒரு பேச்சு முழுசா வரல. இந்துமதி டீச்சர் என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கா? நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயி நாக்கப் பிடுங்குற மாதிரி கேக்கேன்.

— அந்த டீச்சர்தான் அனுஜாவ தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாவ. ரத்தம் எடுத்தாச்சு, இன்னைக்குச் சொல்லிட்டாவ. பிள்ள ரத்தத்துல ஈயம்!

— ஈயமா? நம்ம என்ன ஈயத்தையா வடிச்சுத் திங்கோம்? ஏதாவது கம்பெனிப் புகையா இருக்கும்.

— நானும் அதத்தான் சொன்னேன். டாக்டரம்மா, வீட்டுல என்ன வேல செய்யுதீங்கன்னு கேட்டாவ. சொன்னேன். எந்திரிச்சே நின்னுட்டாவ.

— என்னத்தளா சொன்ன?

— பழைய பேட்டரி ஈயத்த என் சோத்து அடுப்புலயே உருக்கி நீங்க தூண்டில் குண்டு ஊத்துறதச் சொன்னேன். அதத் தங்கூசி நரம்புல மாட்டுனதும், இறுகிப் பிடிக்க நம்ம பிள்ள பல்லால கடிச்சுக் குடுக்கதையும் சொன்னேன்.

— குறடு வச்சா தங்கூசி அறுந்துரும்லா. சின்னப் பல்லுன்னா பதமாக் கடிக்கும். புன்னைக்காயல்ல எங்க தெரு பூரா அப்பிடித்தான...

— தெரு பூரா பிள்ளையளுக்கு வெசம் குடுக்கோம்னு சொல்லுங்க! பேட்டரிய உடைச்சு விக்கிறவன் ஒரு வார்த்த சொன்னானா? மீனவர் சங்கத்துல ஒருத்தராவது சொன்னாவளா? ஈயம் மூளையக் கெடுக்குமாம். பேச்சு பிந்துமாம், எழுத்து மண்டையில நிக்காதாம். நம்ம அதுக்கு மக்கு, மக்குன்னு கம்பெடுத்தோம். வெக்கமா இல்ல நமக்கு?

— இப்பவே நிறுத்திட்டா?

— இனிமே ஈயம் ஏறாது. போனது முழுசாத் திரும்பாதுன்னுட்டாவ. எந்த வயசுல இருந்து கடிக்கான்னு கேட்டாவ. நாலுன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசிச்சு.

— எங்கப்பாவுக்கு நாந்தான்ளா கடிச்சுக் குடுத்தேன். அஞ்சாங்கிளாஸ்ல மூணு வருசம் கெடந்தேன். மண்டையில ஒண்ணுமில்லாத பயன்னு அடிச்சு வெரட்டுனாவ. இன்னைக்கு வரைக்கும் அத நானும் உண்மைன்னுல்லா நெனச்சிருந்தேன்.