முட்டை போடாத ராம் சோடி

தேவராஜா: ...நான் உம்மைக் குற்றம் சொல்லேல்லை, வைதேகி. மீன் முட்டை போடேல்லை எண்டு மட்டும்தான் சொன்னனான்.

வைதேகி: சொல்லிப்போட்டு என்னைப் பாத்தியள்.

தேவராஜா: பாத்தா என்ன? கட்டின பெண்சாதியைப் பாக்கக் கூடாதோ?

வைதேகி: முட்டை போடேல்லை எண்டா மீனைப் பாருங்கோ. அந்தப் போஞ்சியை இஞ்சாலை தள்ளுங்கோப்பா... நார் உரிக்காமலே குவிச்சு வைச்சிருக்கிறியள்.

தேவராஜா: போன வருசம் எப்பிடிப் போட்டுதுகள்! மீன் வளக்கிற கிளப்பில ஒருத்தற்றை ராம் மீனும் குஞ்சு பொரிக்கேல்லை. என்ரை சோடி மட்டும்தான். கிளப்பில பெரிய ஆளான கெவினே வந்து தொட்டிக்கு முன்னால முழங்காலில நிண்டெல்லோ பாத்தவன்!

வைதேகி: ஓம், கண்டனான். செருப்பையும் கழட்டச் சொல்லியிருக்கலாம். வீதியில எல்லாரும் கலர் ரீவி வாங்கினம். எங்கடை ஹோலுக்குள்ள...

தேவராஜா: கலர் ரீவி குஞ்சு பொரிக்குமோ?

வைதேகி: உங்கடை மீன் மட்டும் பொரிக்குதோ?

தேவராஜா: ...அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்.

வைதேகி: ரெண்டு விரல் நீளமில்லை, அதுக்கு எவ்வளவு செல்லம்!

தேவராஜா: சிக்லிட் மீனில இது குள்ளச் சாதி. சின்னன் எண்டாலும் தாயும் தேப்பனும் சேந்து நிண்டு முட்டையைக் காக்கும், தெரியுமோ? ராம் எண்டு சும்மாவே பேர்...

வைதேகி: ஆணுக்கும் ராம், பெண்ணுக்கும் ராம். அந்தப் பெட்டைக்காவது சீதை எண்டு வைச்சிருக்கலாம்.

தேவராஜா: வீட்டில ஒரு வைதேகி காணாதோ?

வைதேகி: அந்த வைதேகியைத்தானே இப்ப வீட்டில மறிச்சு வைக்கப் பாக்கிறியள்.

தேவராஜா: ஆர் மறிச்சது?

வைதேகி: சுத்தி வளைக்காமச் சொல்லுங்கோ. நான் செவன் ஹில்ஸ் ரேடியோ பக்ரறிக்குப் போகத் தொடங்கினாப் பிறகுதான் முட்டை இல்லை. அதுதானே?

தேவராஜா: காலம் பொருந்துதே... ஹீற்றரை மாத்திப் பாத்தன். மழைத்தண்ணி பிடிச்சு விட்டுப் பாத்தன்...

வைதேகி: கடைசியில பெண்சாதியிலை வந்து நிக்கிறியள்! திங்கக்கிழமை நான் சூப்பவைசருக்கு மறுமொழி சொல்லவேணும். பேர்மனன்ற் ஆக்கிறம் எண்டு கேட்டிருக்கினம். தெரியும்தானே?

தேவராஜா: தெரியும்.

வைதேகி: எனக்கு அந்த வேலை நல்ல விருப்பமப்பா. ரேடியோவுக்குள்ள வயர் ஒட்டுற வரிசையில பிழை விடாத ஆள் நான்தான். எனக்குப் பக்கத்தில இருக்கக் கிரேக்கப் பொம்பிளையள் சண்டை பிடிக்கினம். ஊரை விட்டு வந்து இந்த டூங்கபி வீட்டுக்குள்ள சுவரோட கதைச்சுக்கொண்டிருந்தனான்... இப்ப நாலு மனுசரோட கதைக்கிறன்.

தேவராஜா: நான் வேண்டாமெண்டனானோ?

வைதேகி: நீங்கள் சொல்லேல்லை. மீனைக்கொண்டு சொல்லுவிக்கிறியள்.

தேவராஜா: அது... உந்த மீனுக்குக் கூச்சம் கூட. பழகின ஆள் இருட்டோட வெளிக்கிட்டு ஸ்ரேசனுக்கு ஓடினா...

வைதேகி: அதுகளுக்கு நான் ஆரெண்டு தெரியுமோ?

தேவராஜா: தெரியாதே பின்ன! காலமை நீர் தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில இருக்கேக்கை ரெண்டும் கண்ணாடிக்குக் கிட்ட வந்து பாக்கும். கெவினும் சொன்னவன், வீட்டில ஏதும் மாறினா...

வைதேகி: கெவினுக்கு என்னப்பா தெரியும்!

தேவராஜா: எத்தினை வருசமா மீன் வளக்கிறவன்...

வைதேகி: அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தேவராஜா: என்ன தெரியும்?

வைதேகி: ...ஒண்டுமில்லை. போஞ்சியை உரியுங்கோ.

தேவராஜா: இல்லை, சொல்லும்.

வைதேகி: கோவிக்கப்படாது.

தேவராஜா: கோவம் இல்லையே.

வைதேகி: இப்ப இல்லை. கேட்டாப் பிறகு.

தேவராஜா: பிறகும் இல்லை. சொல்லும் பாப்பம்.

வைதேகி: காலமையில எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருவியளே...

தேவராஜா: ஓம்.

வைதேகி: தந்திட்டுச் சேவ் எடுக்கப் போவியள்...

தேவராஜா: ஓம்...

வைதேகி: நான் அதைக் குடிக்கிறேல்லை.

தேவராஜா: பேந்து?

வைதேகி: தொட்டிக்குள்ள ஊத்திறனான்.

தேவராஜா: ஏன்?

வைதேகி: குசினிக்குக் கொண்டுபோய் ஊத்தினா நீங்கள் காணுவியள். ஆசையாப் போட்டுத் தாற மனுசனுக்கு வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லை. தொட்டி கைக்கெட்டின தூரத்தில இருந்தது... கேக்கிறியளோப்பா?

தேவராஜா: கேட்டுக்கொண்டிருக்கிறன்.

வைதேகி: தண்ணி மண்ணிறமாக் கிடந்தது அந்தத் தேயிலைச் சாயத்தாலைதான். நீங்கள் உள்ளுக்கை போட்ட மரக்கட்டையாலை எண்டு கிளப்பில போய்ச் சொன்னியள். அந்தச் சாயத்தண்ணியிலதான் அதுகள் சந்தோசமா முட்டை போட்டது. நான் வேலைக்குப் போக, தேத்தண்ணியும் நிண்டுபோச்சு. அதுகளுக்கு நான் தேவையில்லை, சாயம்தான் தேவை. இனி நீங்களே ஊத்துங்கோ. நான் வேலைக்குப் போறன்.

தேவராஜா: ஊத்திறன்தான்.

வைதேகி: ஆ...? எப்ப தொடக்கம்?

தேவராஜா: நீர் வேலைக்குப் போன முதல் கிழமை தொடக்கம்.

வைதேகி: அப்ப ஏன் முட்டை போடேல்லை?

தேவராஜா: போட்டிட்டுதுகள். குஞ்சும் நீந்துது. நீர் வேலையால வந்து நேர குசினிக்குள்ள பூருறனீர், தொட்டிப் பக்கம் எங்க பாத்தனீர்?

வைதேகி: கடவுளே! அப்ப இவ்வளவு நேரமும் கூச்சம், பழக்கம், கெவின் எண்டு...

தேவராஜா: மீனுக்கு ஒரு குறையுமில்லை, வைதேகி. எனக்குத்தான்... காலமை எழும்பினா வீடு ஓவெண்டு கிடக்கு. பழக்கத்தில ரெண்டு கோப்பை எடுத்து வைக்கிறன். நீர் இல்லாமல் தனிச்சுப் போனன் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் மீனிலை பழியைப் போட்டன்.

வைதேகி: மீசை நரைக்கத் தொடங்கின மனுசன்... அதை வாயைத் திறந்து சொன்னா என்ன?

தேவராஜா: இப்ப சொல்லிப்போட்டன்தானே. திங்கக்கிழமை ஓமெண்டு சொல்லும்.

வைதேகி: மெய்யாவோ?

தேவராஜா: மெய்யா. சனி ஞாயிறு காலமை மட்டும் அந்தக் கதிரையில வந்து என்னோட இரும். எனக்கு அது காணும்.

வைதேகி: இருக்கிறன். எனக்கும் ஆசைதான்... ஆனா உங்கடை தேத்தண்ணி மட்டும் வேண்டாம்.

தேவராஜா: அவ்வளவு மோசமோ?

வைதேகி: முதல் நாள் பாலும் சீனியும் கொட்டிப் பாயாசம் மாதிரி! வாயில வைக்கேலாமத்தான் தொட்டிக்குள்ள ஊத்தினனான். அடுத்த நாள் தொடக்கம் பாலுமில்லை, சீனியுமில்லை, ஒரே கசாயம். இந்த மனுசனுக்கு அளவெண்டதே தெரியாதோ எண்டு நினைச்சன்.

தேவராஜா: அண்டைக்குப் பின்னேரம் வந்து பாக்கத் தொட்டி வெள்ளையாக் கலங்கிக் கிடந்தது. அதுதான் நிப்பாட்டினனான்... பாலும் சீனியும் மீனுக்குக் கூடாது.